1,530 வெள்ளி (ரிங்கிட்) போனது: "ஸ்க்ரீன் பிரச்சினை சரி பண்ணியாச்சு" என்று சொல்லும் கடையை நம்பாதீர்கள்

வீட்டுக்கு வந்த கையோடு எழுதுகிறேன், கை இன்னும் நடுங்குகிறது. கோலாலம்பூரில் பழைய கணினிப் பாகம் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். கடையின் பெயரைப் போடவில்லை. கடைவீட்டு மாடியில், புதுசும் பழசுமாக விற்று, பழுதும் பார்க்கிற ஒரு கடை.

என் தம்பி அனிமேஷன் டிப்ளோமா கடைசிப் பருவத்தில் இருக்கிறான். செந்தூல் வீட்டில் இருந்த கணினியில் ஒரு சின்னக் காட்சியை ரெண்டர் செய்யவே, அதாவது கணக்கிட்டுப் படமாக்கவே, விடிந்துவிடும். படத்தைக் கணக்கிட்டுத் திரைக்கு அனுப்பும் கிராஃபிக்ஸ் கார்டைப் புதுசாக வாங்க வசதியில்லை. சீட்டு எடுத்த காசில் 1,450 வெள்ளியோடு அந்தக் கடைக்குப் போனோம்.

முதலாளி தமிழர். உட்கார வைத்து, தே தாரேக் டீ வரவழைத்து, தம்பி என்ன படிக்கிறான் என்று விசாரித்தார். "தங்கச்சி, நம்ம புள்ள படிக்கிறதுக்குக் கேக்குறீங்க, கெட்ட சாமான் குடுப்பேனா? ஆறு மாசம் நான் பொறுப்பு" என்றார். தன் மேசையிலிருந்த கணினியில் கார்டைப் பொருத்தி, ஐந்து நிமிடம் ஒரு கேம் ஓட்டிக் காட்டினார். படம் தண்ணீர் மாதிரி ஓடியது. அந்த ஐந்து நிமிடத்தில்தான் நான் விழுந்தேன். ரசீதில் "கார்டு 1, 1,450" என்று மட்டும் கிறுக்கியிருந்தார். ஆறு மாதம் என்பதை அதில் எழுதச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அண்ணன் மாதிரி பேசுகிறவரிடம் எப்படிக் கேட்பது?

மூன்றாம் நாள் இரவு, ரெண்டர் தொடங்கி அரை மணி நேரத்தில் திரை கறுத்தது. இரண்டு மூன்று வினாடியில் திரும்பி வந்தது. டிஸ்ப்ளே டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) செயலிழந்து மீண்டுவிட்டது என்று ஓர் அறிவிப்பு. ரெண்டர் மென்பொருள் மூடிக்கொண்டது. மறுநாளும் அதே கதை. அடுத்த நாள் விண்டோஸே நின்றுபோய் நீலத் திரை வந்துவிட்டது.

கடைக்கு போன் அடித்தால், டிரைவரை மாற்றிப் பாருங்கள் என்றார். மாற்றினோம். விண்டோஸைப் புதிதாகப் போடச் சொன்னார். போட்டோம். அப்புறம் பவர் சப்ளை பத்தாது என்றார். கடைசியில், "தம்பி ராத்திரியெல்லாம் கேம் ஆடுறாரா தங்கச்சி?" என்று கேட்டாரே, அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. அந்தப் பிள்ளை தூங்கி எத்தனை நாள் ஆகிறது!

கணினியைத் தூக்கிக்கொண்டு போனோம். ஒரு நாள் வைத்திருந்து, "சரி பண்ணியாச்சு, இனிமே கறுக்காது" என்று 80 வெள்ளி வாங்கினார். ஆக மொத்தம் 1,530.

கறுக்கவில்லை, உண்மைதான். இப்போது திரை அப்படியே உறைந்து நின்றது. மவுஸ் நகராது, எதுவும் அசையாது. செத்துவிட்டது என்று நினைத்துத் தம்பி பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தான். சேமிக்காத ஒரு மாலை வேலை அதோடு போனது.

என் அலுவலகத்தில் கணினிப் பிரிவில் இருக்கும் ஒரு அண்ணன் நேற்று வந்து திறந்து பார்த்தார். அவர் சொன்னதைக் கேட்டு எனக்கு வயிறு எரிந்தது.

விண்டோஸில் டிடிஆர் என்று ஒன்று விஸ்டா காலத்திலிருந்தே இருக்கிறதாம். கிராஃபிக்ஸ் கார்டு கொடுத்த வேலையை முடிக்காமலும் விட்டுக்கொடுக்காமலும் 2 வினாடி மாட்டிக்கொண்டால், விண்டோஸ் கார்டை ரீசெட் செய்து டிரைவரை மறுபடி எழுப்பும். திரை கறுத்துத் திரும்புவது அதனால்தான். ஒரு நிமிடத்துக்குள் 5 முறைக்கு மேல் அப்படி நடந்தால், இனி மீட்டுப் பயனில்லை என்று நீலத் திரை போட்டு நிறுத்திவிடும். விண்டோஸ் நடந்ததைக் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரில் 4101 என்ற எண்ணோடு ஒவ்வொன்றும் பதிவாகியிருந்தது, நாங்கள் விண்டோஸைப் புதிதாகப் போட்ட நாளிலிருந்து.

கடைக்காரர் செய்த 'ரிப்பேர்' என்ன தெரியுமா? விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் டிடிஆர் டிலே என்ற மதிப்பை 60 என்று போட்டிருக்கிறார். அதாவது 2 வினாடியில் விண்டோஸ் செய்ய வேண்டியதை ஒரு நிமிடம் செய்யவிடாமல் கட்டிப்போட்டிருக்கிறார். அதற்கு 80 வெள்ளி! கார்டு நல்லதாக இருந்து, வேலை உண்மையிலேயே கனமாக இருந்தால் இந்த மதிப்பைக் கூட்டுவது உண்டு. சில வரைகலை மென்பொருள்களே அப்படிச் சொல்கின்றன. எங்கள் கார்டு அப்படியில்லை. அந்த அண்ணன் கார்டின் நினைவகத்தை மட்டும் சோதிக்கும் மென்பொருளை ஓட்டினார். கார்டு சூடேறியதும் பிழைகள் வரிசையாக வந்தன. ஐந்து நிமிட கேமில் அது எப்படித் தெரியும்?

இன்று அந்தச் சோதனையின் படங்களோடு கடைக்குப் போனேன். "விற்ற சாமான் திரும்ப வாங்குறதில்ல, ரசீதுல பின்னாடி போட்டிருக்கு பாருங்க" என்றார். இந்த முறை தங்கச்சியும் இல்லை, தே தாரேக்கும் இல்லை. வாட்ஸ்அப்பில் இரண்டு நீலக் கோடு விழுகிறது, பதில் இல்லை. 1,530 வெள்ளி. எனக்கு அது இரண்டு மாத வீட்டு வாடகைக்குக் கொஞ்சம் குறைவு.

என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. பழைய கார்டு வாங்கினால் குறைந்தது அரை மணி நேரமாவது முழுச் சுமையில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், நினைவகச் சோதனையும் சேர்த்து. உத்தரவாதத்தையும் கார்டின் சீரியல் எண்ணையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். பழுது பார்த்துத் திரும்பி வந்த கணினியில் டிடிஆர் டிலே, டிடிஆர் லெவல் இரண்டையும் பாருங்கள். லெவல் 0 என்றிருந்தால் கண்காணிப்பையே நிறுத்திவிட்டார்கள் என்று அர்த்தம். ரசீதின் பின்னால் என்ன அச்சடித்திருந்தாலும், 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தரும் உரிமையை அது பறிக்க முடியாது. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி, வழக்கறிஞர் இல்லாமலே கோரிக்கை கொடுக்கலாம். படிவத்தை நிரப்பிவிட்டேன். நாளை காலை கொடுக்கிறேன்.

தம்பி நண்பனின் மடிக்கணினியைக் கடன் வாங்கி ரெண்டர் போட்டுக்கொண்டிருக்கிறான். வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும்.