ஜேர்மனியில் பழைய கார் எடுக்கப் போகிறவர்களுக்கு: அங்கே கட்டுகிற 19 வீத வரி எல்லாக் காருக்கும் திரும்ப வராது

சுவிஸில் இருக்கிற எங்கள் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். ஜேர்மனியில் பழைய கார் எடுத்தால் லாபம் என்று யாராவது சொல்லி, நீங்களும் காசைச் சேர்த்து வைத்திருந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன் தயவு செய்து இதை வாசியுங்கள். எனக்குப் போன காசு போனதுதான். உங்களுக்குப் போகக் கூடாது.

நான் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்கிறேன். காலை வேலை என்றால் 6.45 மணிக்கு அங்கே நிற்க வேண்டும். எங்கள் ஊரிலிருந்து முதல் பஸ் போய்ச் சேரவே ஏழு மணியாகிவிடும். இருக்கிற காரை என் கணவர் கொண்டுபோய்விடுவார். அதனால் 2024 ஆவணியில் இரண்டாவது கார் ஒன்று பார்க்கத் தொடங்கினோம். பக்கத்துக் கராஜில் ஐந்து வயதுக் கார் ஒன்று 18,500 பிராங்குக்கு நின்றது. அதையே எடுத்திருக்கலாம். அப்போதுதான் பிள்ளைகளின் தமிழ்ப் பள்ளியில் பழக்கமான ஒரு தம்பி, "அக்கா, அதே கார் ஜேர்மனியில 16,000க்கு முடியும். நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ, எல்லாம் நான் பாக்கிறன்" என்றார்.

அவர் போட்டுக் காட்டிய கணக்கு இதுதான். ஸ்டுட்கார்ட் பக்கம் ஒரு வியாபாரியிடம் கார் 17,850 யூரோ. அதற்குள் ஜேர்மனியின் பெறுமதி சேர் வரி 19 வீதம், அதாவது 2,850 யூரோ, அடங்கியிருக்கிறது. காரை நாட்டை விட்டு வெளியே கொண்டு போவதால் அந்த 2,850 திரும்ப வரும். மிச்சம் 15,000 யூரோ. அதற்குச் சுவிஸ் வரியைக் கட்டினாலும் 16,000 பிராங்கை ஒட்டித்தான் வரும். அவருக்கு 900 பிராங் கூலி. கணக்கில் ஒரு பிழையும் இல்லை. நானும் கல்குலேற்றரில் அடித்துப் பார்த்தேன், சரியாகவே வந்தது. பிழை கணக்கில் இல்லை, அந்தக் காரில் இருந்தது. அது அவருக்குத் தெரியும்.

வியாபாரியின் இடத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை காலை போனோம். கார் பளபளவென்று நின்றது. ஒப்பந்தம் மூன்று பக்கம். நான் நாள் முழுக்க முதியவர்களோடு சுவிஸ் ஜேர்மன் கதைக்கிறவள்தான். ஆனால் சட்ட ஜேர்மன் வேறு. "வழமையான பேப்பர்தான் அக்கா, மூண்டு இடத்தில சைன் பண்ணுங்கோ, சுங்கம் பூட்ட முதல் போகவேணும்" என்று தம்பி அவசரப்படுத்தினார். போட்டேன். காசை வங்கியால் முதலே அனுப்பியிருந்தேன்.

அங்கே வைத்தே இன்னொன்றும் சொன்னார். விரும்பினால் பற்றுச்சீட்டில் 9,000 யூரோ என்று போட்டுத் தரச் சொல்லலாமாம், சுவிஸ் வரி பாதியாகுமாம். அதற்கு மட்டும் நான் மாட்டேன் என்றேன். யாராவது உங்களிடமும் இப்படிச் சொல்வார்கள். சுங்கத்தில் இருப்பவர்களுக்குக் காரின் சந்தை விலை தெரியும். சந்தேகம் வந்தால் அந்த விலையைத்தான் எடுப்பார்கள், மேலே தண்டமும் வரும். பொய்ப் பற்றுச்சீட்டு வரி ஏய்ப்பு. எங்கள் ஆட்களில் எத்தனையோ பேர் குடியுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். ஆயிரம் பிராங்குக்காக அந்த விண்ணப்பத்தில் கறை விழ வேண்டுமா?

ரைன்பெல்டன் எல்லைக்கு மத்தியானம் வந்தோம். ஜேர்மன் சுங்க மேசையில் ஏற்றுமதிப் பத்திரத்தைக் கொடுத்துவிட்டு, வரி திரும்ப எடுக்க இது போதுமா என்று நானே கேட்டேன். கேட்டது நல்லதாயிற்று. அந்தப் பெண் அதிகாரி என் பற்றுச்சீட்டை என் பக்கம் திருப்பி வைத்து, பேனையின் முனையை அடியில் இருந்த ஒரு வரியின் கீழ் வைத்தார். எறும்பு எழுத்து. பிரிவுக் குறி, 25, பக்கத்தில் சின்ன ஏ எழுத்து, அதன் பிறகு ‘டிஃபெரென்ஸ்பெஸ்டொய்யருங்’ என்ற நீளச் சொல். "இதில் வரி காட்டப்படவில்லை. திரும்ப எடுக்க ஒன்றுமில்லை" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, பாவப்பட்டுத்தான் சொன்னார். நான் தம்பியைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த 25ஏ என்ன என்பதை நான் பிறகுதான் படித்து விளங்கிக்கொண்டேன். ஜேர்மன் வியாபாரி ஒருவர் தனி ஆளிடமிருந்து பழைய கார் வாங்கும்போது, அந்தத் தனி ஆள் பெறுமதி சேர் வரி ஒன்றும் எழுதிக் கொடுப்பதில்லை. ஆகவே வியாபாரி அதை விற்கும்போது முழு விலைக்கும் வரி கட்டத் தேவையில்லை. வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் இடையில் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் கட்டினால் போதும். இது முழுக்கச் சட்டப்படியான முறை. ஆனால் அப்படி விற்கிற காரின் பற்றுச்சீட்டில் வரியைத் தனியாகக் காட்ட அவருக்கு அனுமதி இல்லை. காட்டாத வரியை நீங்கள் எங்கே போய்த் திரும்பக் கேட்பது? 17,850 என்றால் 17,850தான். பழைய கார்களில் இந்த வகை நிறையவே விற்பனைக்கு நிற்கும். நிறுவனங்களிடமிருந்தும் வாடகைக் கார்க் கம்பனிகளிடமிருந்தும் வந்த கார்களில்தான் பெரும்பாலும் வரி தனியாக இருக்கும்.

விளம்பரத்திலேயே இது தெரியும். வரி தனியாகக் காட்டக்கூடிய கார் என்றால் விலைக்குக் கீழே ‘மேர்வெர்ட்ஸ்டொயர் அவுஸ்வைஸ்பார்’ என்று போட்டிருப்பார்கள். என் காரின் விளம்பரத்தில் அந்தச் சொல் இருக்கவில்லை. தம்பி எனக்குப் படங்களை மட்டும்தான் அனுப்பினார், விளம்பரத்தின் இணைப்பை அனுப்பவேயில்லை. ஏன் என்று இப்போது விளங்குகிறது.

வரி திரும்பக் கிடைக்கிற கார் என்றாலும் கவனம் வேண்டும். வழக்கமாக வியாபாரி முழு விலையையும் வாங்கி, 19 வீதத்தைப் பிணையாக வைத்துக்கொள்வார். கார் உண்மையிலேயே ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறியது என்ற சுங்க உறுதிப்படுத்தல் கையில் வந்த பிறகுதான் திருப்பித் தருவார். இத்தனை யூரோ, இத்தனை நாட்களுக்குள் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். 3,000 யூரோவுக்கு மேற்பட்ட பொருளுக்கு ஏற்றுமதி அறிவித்தலை வியாபாரியின் ஊருக்குப் பொறுப்பான சுங்கத்தில் முதலே கணினி வழியாகச் செய்திருக்க வேண்டும். நேரே எல்லைக்குப் போய் முத்திரை கேட்டால் நடக்காது.

சரி, சுவிஸ் பக்கத்துக்கு வருகிறேன். இங்கே இரண்டு வரிகள். ஒன்று வாகன வரி, காரின் விலையில் 4 வீதம். மின்சாரக் காருக்கு முந்தி இது இல்லை, 2024 தை (ஜனவரி) முதலாம் திகதியிலிருந்து அதற்கும் உண்டு. மற்றது சுவிஸின் பெறுமதி சேர் வரி, 8.1 வீதம். இது காரின் விலையில் மட்டுமல்ல, அந்த வாகன வரியையும் கூட்டி வருகிற தொகையில் போடப்படும். காரை ஏற்றி வந்த செலவு இருந்தால் அதுவும் சேரும். என் காருக்கு அன்றைய மாற்று விகிதத்தில் ஏறக்குறைய 17,000 பிராங். அதில் 4 வீதம் 680. இரண்டும் சேர்ந்து 17,680. அதில் 8.1 வீதம் 1,432. ஆக மொத்தம் 2,112 பிராங்.

தம்பி என்னிடம் வாங்கியது 2,334. நான் காரோடு வெளியே நிற்க, அவர்தான் காசோடு உள்ளே போய் ஒரு சுங்க முகவரிடம் அலுவலை முடித்துவிட்டு வந்தார். வரிப் பத்திரம் பிறகு தபாலில் வரும் என்றார். வரவில்லை. மூன்று கிழமைக்குப் பிறகு நானே முகவரைக் கேட்டுப் பிரதி எடுத்தேன். வித்தியாசம் 222 பிராங். அது என்ன என்று கேட்டதற்கு, "அது சுங்கத் தீர்வை அக்கா, 100 கிலோவுக்கு 15 பிராங், உங்கட கார் 1,480 கிலோ" என்றார். முந்தி அப்படி ஒரு தீர்வை இருந்தது உண்மை. ஆனால் கைத்தொழில் பொருட்களுக்கான இறக்குமதித் தீர்வைகளைச் சுவிஸ் 2024 தை முதலாம் திகதியோடு எடுத்துவிட்டது, கார்களுக்கும்தான். இல்லாமல் போய் எட்டு மாதமான தீர்வைக்கு என்னிடம் காசு வாங்கியிருக்கிறார். 2,850ஐ விட இந்த 222தான் எனக்கு அதிகம் நொந்தது. முதலாவதை அறியாமை என்று மன்னித்திருப்பேன். இதைக் கிலோக் கணக்குப் பார்த்து எடுத்திருக்கிறார்.

இலக்கத்தகடு எடுப்பதற்கு முன் காரை எம்.எஃப்.கா என்கிற சுவிஸ் வாகனப் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். சுங்கத்தில் தந்த 13.20 ஏ படிவம், ஜேர்மன் பதிவுப் பத்திரங்கள் இரண்டும், காரின் தர ஒத்திசைவுச் சான்று எல்லாம் கையில் இருக்க வேண்டும். அந்தச் சான்று இல்லாத காரை மலிவென்று எடுக்காதீர்கள், பிறகு அதற்கு அலைய வேண்டிவரும். பரிசோதனைக்கு முன் எங்கள் ஊர்க் கராஜ்காரரிடம் காட்டினேன். அவர் காரை மேலே தூக்கி, முன் சில்லுக்குப் பின்னால் ஒரு திருப்புளியால் மெல்லச் சுரண்டினார். கறுப்புப் பூச்சு காய்ந்த சேறு மாதிரிப் பொருக்குப் பொருக்காக விழுந்தது. உள்ளே பற்றவைத்த தழும்பு, விரல் மொத்தத்தில். விளக்கைப் பிடித்து, வலது முன் சட்டம் இடது மாதிரி நேராக இல்லை என்பதையும் காட்டினார். கார் முன்னால் இடிபட்டு, நேராக்கி, பூச்சால் மூடப்பட்டிருந்தது. அதைச் சரியாகச் செய்வதற்கும் முன் பிறேக்குகளுக்கும் சேர்த்து 2,650 பிராங்.

ஒப்பந்தத்தில் விபத்தில்லாத கார் என்று போட்டிருந்ததே என்று எடுத்துப் பார்த்தேன். போட்டிருந்தது, ‘முந்தைய உரிமையாளர் சொன்னபடி’ என்ற சொற்களோடு. இப்படி எழுதினால் அது வியாபாரியின் வாக்குறுதி ஆகாது, யாரோ சொன்னதை அவர் திருப்பிச் சொல்கிறார், அவ்வளவுதான். அடுத்த பக்கத்தில் இன்னும் பெரிய அடி இருந்தது. நான் கையெழுத்துப் போட்ட மூன்றாவது இடம், நான் இந்தக் காரைத் தொழிலுக்காக வாங்குகிற வியாபாரி என்று ஒத்துக்கொள்கிற இடம். ஜேர்மனியில் வியாபாரி ஒருவர் சாதாரண ஆளுக்குப் பழைய கார் விற்றால், குறைபாட்டுக்கான பொறுப்பை ஒரு வருடமாகக் குறைக்கலாம், முழுக்கக் கைகழுவ முடியாது. வாங்குகிறவரும் வியாபாரி என்றால் கைகழுவலாம். முதியோர் இல்லத்தில் வேலை செய்கிற என்னை ஒரு கையெழுத்தால் கார் வியாபாரி ஆக்கிவிட்டார்கள். நான் எழுதிய கடிதத்துக்கு அந்தப் பக்கத்தின் பிரதி ஒன்றுதான் பதிலாக வந்தது. வேறொருவருக்காக விற்கிறோம், ஏற்றுமதிக்கு மட்டும், தாங்களே திருத்தி எடுக்கிறவர்களுக்கான பழுதான கார் என்று எழுதியிருந்தாலும் உள்நோக்கம் இதுதான், பொறுப்பிலிருந்து தப்புவது.

ஏற்றுமதித் தகடும் காப்புறுதியும் சேர்த்து மொத்தம் 23,000 பிராங்குக்குக் கொஞ்சம் மேலே முடிந்தது. பக்கத்துக் கராஜில் நின்ற காருக்கு 18,500, அதில் ஒரு வருட உத்தரவாதமும் இருந்தது.

தம்பியோடு பிறகு இரண்டு தரம் கதைத்தேன். "வரும் அக்கா, கொஞ்சம் பிந்தும்" என்று முதலில், "நானும் ஏமாந்திட்டன்" என்று பிறகு. 900 பிராங்குக்குப் பற்றுச்சீட்டு இல்லை, கையில் கொடுத்தது. பெயரை நான் எழுதப் போவதில்லை, அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் அவர் இப்போதும் கார் எடுத்துக் கொடுக்கிறார் என்று கேள்விப்படுகிறேன்.

ஜேர்மனியில் இருக்கிற சொந்தக்காரர் பெயரிலேயே காரை வைத்து, ஜேர்மன் தகட்டோடு இங்கே ஓடினால் வரியே இல்லை என்றும் சிலர் சொல்கிறார்கள். சுவிஸில் குடியிருக்கிறவர் வரி கட்டாத வெளிநாட்டுக் காரை இங்கே தன் பாவனைக்கு ஓடக் கூடாது. விதிவிலக்குகள் சிலவே, அதற்கும் சுங்கத்திடம் முதலே கேட்க வேண்டும். வரியில்லாமல் கொண்டுவர நேரான வழி ஒன்று உண்டு. நீங்களே அங்கிருந்து இங்கே குடிபெயர்ந்து வருகிறவராக இருந்து, அந்தக் காரை வருவதற்கு முன் ஆறு மாதமாவது சொந்தமாகப் பாவித்திருந்தால், வீட்டுச் சாமான்களோடு அதையும் கொண்டு வரலாம். இங்கே ஏற்கனவே இருக்கிறவருக்கு அது பொருந்தாது.

ஜேர்மனியில் கார் எடுப்பதே பிழை என்று நான் சொல்லவில்லை. என்னோடு வேலை செய்கிற ஒருவர் வரி தனியாகக் காட்டிய கார் எடுத்து, 19 வீதத்தையும் முழுதாகத் திரும்ப வாங்கியிருக்கிறார். அவர் போகுமுன் விளம்பரத்தைத் தானே பார்த்தார், ஒப்பந்தத்தின் மாதிரியை மின்னஞ்சலில் முதலே எடுத்து ஒரு ஜேர்மன்காரரிடம் வாசித்துக் கேட்டார், அங்கேயே டெக்ரா என்கிற வாகனப் பரிசோதனை நிறுவனத்தில் காசு கட்டிக் காரைப் பரிசோதித்தார். அந்தப் பரிசோதனையை நான் செய்திருந்தால் அந்தத் தழும்பு அன்றைக்கே தெரிந்திருக்கும்.

என் ஒப்பந்தத்தையும் பற்றுச்சீட்டையும் படம் எடுத்து வைத்திருக்கிறேன், அந்த 25ஏ எங்கே இருக்கும், கையெழுத்துப் போடக் கூடாத இடம் எது என்று சுற்றிக் காட்டி. சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளி முடியும் நேரம் நான் அங்கேதான் நிற்பேன். யாருக்காவது ஒப்பந்தம் வந்திருந்தால், கையெழுத்துப் போடாமல் கொண்டு வாருங்கள், சேர்ந்து வாசிப்போம்.