பன்னிரண்டு ஆண்டுகளாக நானே என் பயண ஏஜெண்ட்

கைபேசியை நம்பிப் பயணம் போகத் தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அதற்கு முன்பு எனக்கு ஓர் ஏஜெண்ட் இருந்தார். தேதியைச் சொன்னால் போதும். டிக்கெட், தங்குமிடம், விசாவுக்கு வேண்டிய காகிதங்கள் எல்லாம் இரண்டு நாளில் ஓர் உறையில் வந்துவிடும். அவருக்குக் கொடுக்கும் கமிஷன் மிச்சமாகுமே என்றுதான் செயலிகளுக்கு மாறினேன். மிச்சமானது உண்மைதான். ஆனால் அவர் பார்த்த வேலை முழுவதும் என் தலையில் வந்து விழுந்திருக்கிறது என்பது புரிவதற்கு, நான் ஒரு விமானத்தைத் தவறவிட வேண்டியிருந்தது.

அந்தக் கதையையே முதலில் சொல்லிவிடுகிறேன். கட்டணங்களை ஒப்பிட்டுக் காட்டும் ஒரு தளத்தில், இரண்டு விமானங்கள் மாறிப் போகும் பயணம் ஒன்று மற்றவற்றைவிட மிக மலிவாகக் கிடைத்தது. இடையில் ஒரு மணி ஐம்பது நிமிடம் இருந்தது. தாராளம் என்று நினைத்துப் பணம் கட்டினேன். அவை இரண்டும் தனித்தனி டிக்கெட்டுகள் என்ற செய்தி, பக்கத்தின் அடியில் சாம்பல் நிறப் பொடி எழுத்தில் இருந்திருக்கிறது.

ஒரே டிக்கெட்டாக இருந்தால், முதல் விமானம் தாமதமாகி அடுத்தது போய்விட்டாலும் வேறொன்றில் ஏற்றி அனுப்புவது விமான நிறுவனத்தின் பொறுப்பு. பெட்டியும் பெரும்பாலும் தானாகவே மாறிவிடும். தனித்தனி டிக்கெட் என்றால், இறங்கிக் குடிவரவு வரிசையில் நின்று, பெட்டி வரும்வரை காத்திருந்து எடுத்து, இன்னொரு கவுன்ட்டரில் கொடுத்து, மறுபடியும் பாதுகாப்புச் சோதனைக்கு நிற்க வேண்டும். வெளியே வருவதற்கே விசா கேட்கும் நாடுகளும் உண்டு. அந்த ஒரு விஷயத்தில் நான் தப்பித்தேன். முதல் விமானம் நாற்பது நிமிடம் தாமதம். இரண்டாவது நிறுவனத்தின் கவுன்ட்டருக்கு மூச்சிரைக்க வந்து நின்றபோது, அவர்கள் கணக்கில் நான் 'வராத பயணி'. முதல் நிறுவனமோ, எங்கள் விமானத்தில் வந்து சேர்ந்துவிட்டீர்களே என்றது. விற்ற தளத்தின் சாட்பாட், என் சிரமம் தனக்குப் புரிவதாக மூன்று முறை சொல்லிவிட்டுத் தொடக்கப் பட்டியலுக்கே என்னைத் திருப்பி அனுப்பியது. புது டிக்கெட்டின் விலை, அதுவரை ஏஜெண்டிடம் மிச்சம் பிடித்த கமிஷனையெல்லாம் விழுங்கிவிட்டது.

அன்றிலிருந்து ஒரு பழக்கம். தேடுவது ஒப்பீட்டுத் தளத்தில், வாங்குவது விமான நிறுவனத்திடம் நேரடியாக. பயணம் முழுவதும் ஒரே பிஎன்ஆர் எண்ணில், அதாவது ஒரே முன்பதிவு எண்ணில், இருக்கிறதா என்று பார்க்காமல் பணம் கட்டுவதில்லை. இடைத்தரகுத் தளத்தில் வாங்கினால், விமானம் ரத்தாகும் நாளில் நிறுவனம் தளத்தைக் காட்டும், தளம் நிறுவனத்தைக் காட்டும்.

டிக்கெட்டைப் பற்றிப் பேசும்போது, காகித டிக்கெட் காலத்தை ஏக்கத்தோடு பேசுபவர்களைக் கண்டால் எனக்கு வியப்பாக இருக்கும். அதைத் தொலைப்பது கிட்டத்தட்ட பணத்தைத் தொலைப்பது போல. சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் 2008 ஜூன் 1 முதல் தன் வழியாகக் காகித டிக்கெட் வழங்குவதை நிறுத்தியது; மின்னணு டிக்கெட்டும், அதைத் திறக்கும் பிஎன்ஆர் என்ற ஆறு இலக்கக் குறியீடும் அந்த இடத்துக்கு வந்தன. இத்தனை ஆண்டுகளில் எனக்கு ஒரு தொல்லையும் தராத மாற்றம் இதுதான். ஒரே எச்சரிக்கை: போர்டிங் பாஸைப் படம் எடுத்து ஊருக்கெல்லாம் காட்டாதீர்கள். அந்தக் குறியீடும் குடும்பப் பெயரும் இருந்தால், பல நிறுவனங்களின் தளத்தில் உங்கள் முன்பதிவை யார் வேண்டுமானாலும் திறக்கலாம்.

வரைபடத்துக்கு வருகிறேன். கைபேசியிலிருந்து ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நீக்கச் சொன்னால் இதைத்தான் வைத்துக்கொள்வேன். ஜிபிஎஸ் வேலை செய்ய இணையம் தேவையில்லை என்பது இன்னமும் பலருக்குத் தெரிவதில்லை. செயற்கைக்கோள் சமிக்ஞை தானாக வருகிறது, வரைபடப் படத்துக்குத்தான் இணையம் வேண்டும். அதை முன்னதாகவே பதிவிறக்கி வைத்துவிட்டால் சிம் இல்லாத கைபேசியும் வழி காட்டும். 2000ஆம் ஆண்டு மே மாதம் வரை அமெரிக்க அரசு, பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழையைப் புகுத்தி வந்தது. அதை நிறுத்தியிராவிட்டால், தெரு தெருவாகத் திரும்பச் சொல்லும் இந்தச் செயலிகளுக்கு வேலையே இருந்திருக்காது. உயரமான கட்டடங்களுக்கு நடுவே சமிக்ஞை சுவர்களில் பட்டுத் திரும்புவதால் நீலப் புள்ளி அடுத்த தெருவுக்குத் தாவும். அங்கே புள்ளியை விட்டுவிட்டுத் தெருப் பலகையைப் பார்ப்பதுதான் வழி.

ஆனால் இந்த வரைபடத்தின் மேல் எனக்கு ஒரு குற்ற உணர்ச்சியும் உண்டு. ஸ்பெயினின் பார்சிலோனாவில் பார்க் குயெல் என்ற சுற்றுலாப் பூங்கா இருக்கும் பகுதிக்குப் போகும் 116ஆம் எண் சிறிய பஸ், உள்ளூர் முதியவர்கள் வீடு திரும்ப நம்பியிருந்த பஸ். வழித்தடம் கூகுள் மேப்ஸில் இருந்ததால் சுற்றுலாப் பயணிகள் ஏறி நிரப்பினார்கள், குடியிருப்பவர்களுக்கு இடமில்லை. நகர நிர்வாகம் கேட்டுக்கொண்டதன் பேரில் அந்த வழித்தடம் 2024இல் வரைபடத்திலிருந்து எடுக்கப்பட்டது. பஸ் ஓடிக்கொண்டுதான் இருந்தது, எங்களைப் போன்றவர்களின் கண்ணுக்கு மட்டும் தெரியாமல் போனது. அதைப் படித்தபோது, இப்படி எத்தனை பஸ்களில் யாருடைய இருக்கையில் நான் உட்கார்ந்திருப்பேன் என்று யோசித்தேன். ஏஜெண்ட் காலத்தில் எனக்குத் தெரிந்த வழி, வாடகை வண்டி நிற்கும் இடம் ஒன்றுதான்.

அட்டை இல்லாமல் கைபேசிக்குள்ளேயே நிறுவிக்கொள்ளும் சிம்மான இ-சிம் பற்றிச் சொல்ல அதிகமில்லை. விமானம் தரையிறங்கியதும் சிம் கடை தேடி அலைந்த காலம் போனது. முதன்முறை நான் செய்த முட்டாள்தனம் வேறு யாரும் செய்யாமல் இருக்கட்டும்: இ-சிம்மை நிறுவுவதற்கான கியூஆர் குறியீடு அதே கைபேசிக்கு மின்னஞ்சலில் வந்திருந்தது, தன்னைத் தானே எப்படிப் படம் பிடிக்கும்? நிறுவுவதற்கு இணையமும் வேண்டும், அதற்காகத்தானே இ-சிம்மே வாங்கினேன். புறப்படும் முன்பே நிறுவி, சேர்ந்த பிறகு இயக்குங்கள். பழைய சிம்மில் டேட்டா ரோமிங்கை மட்டும் நிறுத்திவிட்டு அதை உயிரோடு வையுங்கள். வங்கியின் ஒருமுறை கடவுச்சொல் அந்த எண்ணுக்குத்தான் வரும்.

கேமராவைக் காட்டினால் பலகையை மொழிபெயர்க்கும் வசதியை அன்றாடம் பயன்படுத்துகிறேன். அறிவிப்புகள், படிவங்கள், ரயில் நிலையப் பலகைகளுக்கு அது போதும். மருந்துச் சீட்டுக்கு நம்பமாட்டேன். எதிரில் நிற்பவரிடம் கைபேசியை மாறி மாறி நீட்டிப் பேசுவதை ஒரு வருடம் முயன்றுவிட்டு நிறுத்திவிட்டேன். நான் வாயில் வந்த தமிழைப் பேசினால் அது தடுமாறுகிறது. செய்தி வாசிப்பவர் போலப் பேசினால் எதிரில் இருப்பவர் சிரித்துவிடுகிறார். சைகையில் வேகமாக முடிகிறது.

பெட்டி எங்கே இருக்கிறது என்று கைபேசியில் காட்ட, பெட்டிக்குள் போடும் வில்லை ஒன்றை 2021இலிருந்து வைத்திருக்கிறேன். அதற்கென்று ஜிபிஎஸ் கிடையாது. அருகில் இருக்கும் யாரோ ஒருவரின் கைபேசி அதன் புளூடூத் சமிக்ஞையைக் கேட்டுத் தான் இருக்கும் இடத்தைச் சொல்கிறது. ஆள் நடமாட்டம் உள்ள விமான நிலையத்தில் நன்றாகவே வேலை செய்யும். ஒருமுறை நான் விமானம் மாறிய இடத்திலேயே என் பெட்டி தங்கிவிட்டது. கவுன்ட்டரில் இருந்த பெண்ணின் கணினி 'வந்துகொண்டிருக்கிறது' என்றது, என் கைபேசி அது நாற்பது நிமிடமாக அசையவில்லை என்றது. அவர் என் திரையைப் பார்த்துவிட்டுத் தொலைபேசியை எடுத்தார். பெட்டி மறுநாள்தான் வந்தது. எங்கே கிடக்கிறது என்று தெரிந்துகொண்டே விழித்திருந்ததுதான் எனக்குக் கிடைத்த கூடுதல் வசதி.

தங்குமிடங்களுக்கான ஐந்து நட்சத்திர, ஒரு நட்சத்திர மதிப்பீடுகளை இப்போது படிப்பதே இல்லை என்று சொல்லலாம். ஐந்தும் ஒன்றும் உணர்ச்சிவசப்பட்டவர்களுடையவை அல்லது வாங்கப்பட்டவை. மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்கள் பொறுமையாக எழுதுகிறார்கள்: அறை நன்று, இரவில் லிஃப்ட் சத்தம், வெந்நீர் வரப் பத்து நிமிடம். எனக்கு வேண்டியது அதுதான்.

செயற்கை நுண்ணறிவிடம் பயணத் திட்டம் கேட்க ஆரம்பித்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. பட்டியல் போடுவதில் கெட்டி. ஆனால் ஓர் அருங்காட்சியகம் மூடியிருக்கும் வார விடுமுறை நாளில் என்னை அங்கே அனுப்பியதும் அதே தன்னம்பிக்கையோடுதான். ஏர் கனடாவின் சாட்பாட், உறவினர் இறப்புக்காகப் போகும் பயணத்துக்கான சலுகையைப் பயணத்துக்குப் பிறகும் கேட்டுப் பெறலாம் என்று ஒரு பயணியிடம் தவறாகச் சொன்னது. நிறுவனம் பணம் தர மறுத்தது; சாட்பாட் தன் பதிலுக்குத் தானே பொறுப்பு என்கிற மாதிரியும் வாதாடிப் பார்த்தது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத் தீர்ப்பாயம் 2024 பிப்ரவரியில் அதை ஏற்கவில்லை. அதைப் படித்த நாளிலிருந்து, சாட்பாட் எனக்குச் சொல்லும் எதையும் திரையோடு படம் பிடித்து வைக்கிறேன்.

காகிதத்துக்கும் கொஞ்சம் திரும்பியிருக்கிறேன். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஒரு பிழையான மென்பொருள் புதுப்பிப்பால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கி, சில விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். டிக்கெட்டும் தங்குமிட முகவரியும் அச்சிட்ட ஒரு தாள் இப்போது பாஸ்போர்ட்டுக்குள் இருக்கிறது. கூடவே 20,000 மில்லி ஆம்பியர் மணி பவர் பேங்க். அது ஏறக்குறைய 74 வாட் மணி. விமானத்தின் 100 வாட் மணி வரம்புக்குள் அடங்கும். கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும், உள்ளே அனுப்பும் பெட்டியில் வைக்கக் கூடாது.

சென்ற மாதம் பெற்றோரை அழைத்துக்கொண்டு மூன்று நாடுகள் போகத் திட்டமிட வேண்டியிருந்தது. நான்கு இரவுகள் திரை முன் உட்கார்ந்துவிட்டு, பழைய ஏஜெண்டைத் தேடிப் போனேன். இப்போது அவர் சேவைக் கட்டணம் என்று வெளிப்படையாக வாங்குகிறார். அவர் மேசையில் திறந்திருந்தவை நான் பார்த்த அதே தளங்கள்தான். நான் தேர்ந்தெடுத்து வைத்திருந்ததை அவரிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"நடுவில் டெர்மினல் மாற வேண்டியிருக்கிறதே, அப்பாவுக்குச் சக்கர நாற்காலி கேட்டீர்களா?"

நான் கேட்கவில்லை. அப்படி ஒரு பொத்தானை எந்தப் பக்கத்திலும் பார்த்த நினைவும் இல்லை. அவர் தொலைபேசியை எடுத்து யாரிடமோ பேச ஆரம்பித்தார்.