ஏஞ்சலாஸ் ஆஷஸ் (1999): புத்தகம் சிரிக்கிற இடத்தில் படம் அழுகிறது

அயர்லாந்தின் லிமெரிக் நகரத்தில் ஏழ்மையில் கழிந்த தன் பிள்ளைப் பருவத்தைப் பற்றி ஃபிராங்க் மெக்கோர்ட் எழுதிய நினைவுக்குறிப்பு 1996-இல் வெளிவந்தது, மறு ஆண்டே புலிட்சர் பரிசு வாங்கியது. ஆலன் பார்க்கர் அதை 1999-இல் படமாக்கினார். திரைக்கதை லாரா ஜோன்ஸும் பார்க்கரும். நீளம் 145 நிமிடம். புத்தகத்தை முடித்த கையோடு படத்தைப் போடுகிறவர்கள் முதல் ஒரு மணி நேரம் குறை சொல்ல இடமில்லாமல் உட்கார்ந்திருப்பார்கள். லிமெரிக் சந்து, வீட்டுக்குள் புகும் தண்ணீர், குடித்துவிட்டுப் பாட்டுப் பாடிக்கொண்டு வரும் அப்பா, சைக்கிள் டயர் வைத்துத் தைத்த ஷூ என்று எல்லாம் வரிசையாக வருகிறது. ஆனாலும் எங்கேயோ உதைக்கும். புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் சிரித்தோமே, இங்கே ஏன் சிரிப்பு வரவில்லை?

காரணம் கதை சொல்லும் குரலில் இருக்கிறது. புத்தகத்தின் முதல் சில பக்கங்களில் பேசுவது வயதான மெக்கோர்ட். துயரமான குழந்தைப் பருவம், அதிலும் அயர்லாந்து, அதற்கும் மேல் கத்தோலிக்கம் என்று அடுக்கும் அந்தப் புகழ்பெற்ற தொடக்கம் அவருடையது. பிறகு சொல்லாமல் கொள்ளாமல் வாக்கியம் நிகழ்காலத்துக்கு மாறிவிடும். நியூயார்க்கின் ப்ரூக்ளினில் ஒரு விளையாட்டுத் திடல், சீசா பலகை, தம்பிக்கு இரண்டு வயது, ஃபிராங்குக்கு மூன்று. அங்கிருந்து பேசுவது குழந்தை. மேற்கோள் குறிகூடக் கிடையாது; பெரியவர்கள் பேசுவது காதில் விழுந்தபடியே வந்து விழும். என்ன நடக்கிறது என்று பையனுக்குப் புரியாது, நமக்குப் புரியும். அந்த இடைவெளியில்தான் சிரிப்பும் வலியும் ஒன்றாகப் பிறக்கின்றன.

படத்தில் பின்னணிக் குரல் ஆண்ட்ரூ பென்னட் என்ற நடிகருடையது. நல்ல குரல்தான், ஆனால் கடைசிவரை பெரியவர் குரல். எல்லாம் முடிந்து, பிழைத்து, திரும்பிப் பார்க்கும் குரல். திரைக்கதை எடுத்த முடிவுகளிலேயே அதிக விலை கொடுக்க வைத்தது இதுதான். பேசுகிற ஆளுக்கு எல்லாம் தெரிந்திருப்பதால், பையனின் அறியாமை நம்மை வந்து சேர்வதில்லை.

ஓர் இடத்தை மட்டும் எடுத்துப் பார்க்கலாம். வளர்ந்த ஃபிராங்க் மாமா வீட்டில் பட்டினியோடு இருக்கிறான். மாமா தின்றுவிட்டுப் போட்ட மீன் வறுவல், சிப்ஸ் பொட்டலத்தின் செய்தித்தாளை எடுத்து எண்ணெயை நக்குகிறான். புத்தகத்தில் அவன் நக்குவது வெறும் காகிதம் இல்லை: சினிமா விளம்பரத்தை நக்குகிறான், தலைப்புச் செய்தியை நக்குகிறான், பிரான்ஸிலும் ஜெர்மனியிலும் தளபதிகள் ஜெனரல் பாட்டனும் மாண்ட்கோமரியும் நடத்தும் தாக்குதலை நக்குகிறான், பசிபிக் போரையும் நக்கி முடிக்கிறான். இரண்டாம் உலகப் போர் மொத்தமும் ஒரு பையனின் நாக்கில் எண்ணெய்ப் பிசுக்காகிவிடுகிறது. திரையில் நாம் பார்ப்பது பசித்த பையன் ஒருவன் காகிதத்தை நக்குவதை. பாவமாக இருக்கிறது, அவ்வளவுதான். வாக்கியத்துக்குள் இருக்கும் நகைச்சுவையைக் கேமராவால் எடுக்க முடியாது. அதற்கு ஈடாக வேறொன்றை எழுதியிருக்க வேண்டும், எழுதவில்லை.

சிரிப்பு அப்படியே கரை சேர்ந்த இடமும் ஒன்று உண்டு, அது புதுநன்மைக் காட்சி, அதாவது கத்தோலிக்கப் பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்கும் சடங்கு. அந்த அப்பம் கடவுளின் உடல் என்பது நம்பிக்கை. நற்கருணை வாங்கிய கையோடு பாட்டி வீட்டில் வயிறு முட்டத் தின்றுவிட்டு, பையன் கொல்லையில் வாந்தி எடுக்கிறான். கொல்லையில் கடவுள் கிடக்கிறாரே என்று பாட்டி பதறி, சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்கு இழுத்துக்கொண்டு ஓடுகிறாள். தண்ணீர் ஊற்றிக் கழுவச் சொல்கிறார் சாமியார். தீர்த்தமா, சாதாத் தண்ணீரா என்று கேட்டுவரத் திரும்ப அனுப்புகிறாள் பாட்டி. இது ஏன் திரையில் எடுபடுகிறது என்றால், புத்தகத்திலேயே இது முழுக்க உரையாடல். ஒரு பாவசங்கீர்த்தனக் கூண்டு, ஒரு சாமியார், போய்ப் போய் வரும் பையன்: எழுதும்போதே நாடகமாக அமைந்த காட்சி. நினைவுக்குறிப்பைப் படமாக்க நினைக்கிறவர்கள் முதலில் செய்ய வேண்டிய வேலை இதுதான். சிரிப்பு உரையாடலில் இருக்கும் பக்கங்களையும், கதைசொல்லியின் வாக்கியத்தில் இருக்கும் பக்கங்களையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும். முதல் வகையை அப்படியே எடுத்துவிடலாம். இரண்டாம் வகைக்குப் புதுக் காட்சி கண்டுபிடித்தாக வேண்டும்.

கலை இயக்கத்தில் குறையே சொல்ல முடியாது. லிமெரிக்கின் பழைய சந்துகள் இடிக்கப்பட்டுவிட்டதால் குடும்பம் குடியிருக்கும் ரோடன் லேன் சந்தை டப்ளினில் புதிதாகக் கட்டினார்கள். சந்து முழுவதற்கும் ஒரே கழிப்பறை, அதுவும் இவர்கள் வீட்டு வாசலை ஒட்டி. மழைக்காலத்தில் தரைத்தளத்தில் தண்ணீர் ஏறியதும் குடும்பம் மாடிக்குப் போய், மேலே இத்தாலி, கீழே அயர்லாந்து என்று பெயர் வைத்துக்கொள்கிறது. ஈரம் சுவரில் ஏறி நிற்கும் உயரம், கரி அடுப்பின் புகை, ஒரே கட்டிலில் குறுக்கும் நெடுக்குமாகப் பிள்ளைகள் என்று ஒவ்வொன்றும் பார்த்துப் பார்த்துச் செய்தது. மைக்கேல் செரசினின் ஒளிப்பதிவு நிறத்தை வடித்துவிட்டு, பச்சையும் சாம்பலுமாக ஒரு பூஞ்சைத் தோற்றத்தைக் கொடுக்கிறது.

மழை விஷயத்தில் மட்டும் கை மீறிவிட்டது. லிமெரிக்கில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1000 மில்லிமீட்டர்தான் பெய்யும். ஆனால் பல நாட்களுக்குப் பரவி, தூறலாக, நசநசவென்று பெய்யும். அந்தத் தூறல் ஃபிலிமில் பதியாது. பெரிய துளியாகக் கொட்டி, பின்னாலிருந்து விளக்குப் போட்டால்தான் கண்ணுக்குத் தெரியும். அதனால் எல்லாத் திரை மழையும் அடைமழையாகவே வரும். இங்கே காட்சிக்குக் காட்சி அப்படிக் கொட்டுவதால், அரை மணி நேரத்தில் கண் பழகி மழை வால்பேப்பர் ஆகிவிடுகிறது. புத்தகத்தில் அது நுரையீரலுக்குள் இறங்குகிற எதிரி; இருமல், காசநோய், சளி எல்லாம் அதன் கணக்கில்தான்.

நடிப்பைப் பொறுத்தவரை ஃபிராங்காக ஜோ ப்ரீன், கியரன் ஓவன்ஸ், மைக்கேல் லெக் என்று மூவர், வயதுக்கு ஒருவராக. நடுவில் வரும் ஓவன்ஸ்தான் மூவரில் தேறியவர். முகத்தில் கள்ளத்தனமும் கவலையும் சேர்ந்தே இருக்கும். ஆள் மாறும் ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் நாம் வெளியே நிற்கிறோம். அம்மா ஏஞ்சலாவாக எமிலி வாட்சன். அடுப்புச் சாம்பலைப் பார்த்தபடி சிகரெட் பிடிக்கும் அந்த முகத்தை எந்த இயக்குநரும் நெருங்கித்தான் எடுப்பார், பார்க்கரும் எடுத்துவிட்டார். ஆனால் அம்மாவின் முகம் திரையை நிரப்பும்போதெல்லாம் கதை பையன் கையிலிருந்து நழுவி அம்மா கைக்குப் போய்விடுகிறது. மூன்று குழந்தைகள் அடுத்தடுத்துச் சாவதை நாம் பெரியவர்களோடு சேர்ந்து பார்க்கிறோம். கேமராவைப் பையனின் கண் உயரத்துக்கு இறக்கி, பெரியவர்கள் பேச்சைக் கதவுக்கு அப்பால் வைத்திருந்தால் கதை வேறு மாதிரி வந்திருக்கும்.

அப்பாவாக வரும் ராபர்ட் கார்லைல் குடிகாரனுக்குள் ஒரு கனிவான ஆளை ஒளித்து வைத்திருக்கிறார், அதனாலேயே கோபம் கூடுகிறது. சிக்கல் அமைப்பில். கூலியோ அரசாங்க உதவித்தொகையோ கைக்கு வரும், பப்புக்குப் போகும், நள்ளிரவில் அயர்லாந்துக்காக உயிர் விடுவோம் என்று பிள்ளைகளை எழுப்பிச் சத்தியம் வாங்குவார். படிக்கும்போது இது பல்லவி மாதிரி திரும்பத் திரும்ப வந்து கனம் கூட்டும். திரையில் மூன்றாவது தடவையே அடுத்த காட்சி நமக்குத் தெரிந்துவிடுகிறது. ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒன்று மாறியிருக்க வேண்டும்.

ஜான் வில்லியம்ஸ் இசை ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. தனியாகக் கேட்க அருமை. படத்தோடு கேட்டால், எங்கே அழ வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுக்கும்.

ஐந்துக்கு மூன்று. 1930-களின் நகர்ப்புறச் சேரி வாழ்க்கையைத் திரையில் கட்டி எழுப்புவது எப்படி என்று பார்க்க வேண்டியவர்கள், கலை இயக்கம் படிப்பவர்கள் கண்டிப்பாகப் பார்க்கலாம். மற்றவர்கள் முதலில் புத்தகம். ஆங்கிலத்தில் படிக்கத் தயக்கம் இருந்தால் மெக்கோர்ட்டே வாசித்த ஒலிப்புத்தகம் இருக்கிறது. படத்தில் காணாமல் போன குரல் அங்கே முழுசாகக் கிடைக்கும். டிவிடி கையில் கிடைத்தால் பார்க்கரின் விளக்கவுரைத் தடத்தையும் போட்டுக் கேளுங்கள். லிமெரிக் உச்சரிப்பு கடினம், சப்டைட்டில் இல்லாமல் பாதி வசனம் போய்விடும். வளர்ந்த பையனின் பாலுணர்வுக் காட்சிகள் இருப்பதால் குழந்தைகளோடு உட்காரும் படம் இல்லை. பிரிட்டனில் 15 வயதுக்கு மேற்பட்டோருக்கான சான்றிதழ்தான் கொடுத்தார்கள்.