எல்லாம் சரி, புள்ளிதான் சரியில்லை: ஒரு தமிழ் டைப்ரைட்டரோடு குப்பை கொட்டிய அனுபவம்

நெய்வேலி நண்பன் ஒருவன் கேட்டிருந்தான்: "உன்னிடம்தான் நாலைந்து மெஷின் கிடக்கிறதே, தமிழ் டைப்ரைட்டர் ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன், எப்படி?" கேட்ட நேரம் சரியில்லை. தாள் சுற்றிக்கொள்ளும் ரோலருக்குப் புது ரப்பர் போட்டுக் கொண்டுவந்து, முதல் தாளைச் செருகி அடித்துப் பார்த்த எரிச்சலில் இருந்தேன். அது இன்னும் முழுதாக அடங்கவில்லை. ஆனாலும் முடிந்தவரை நியாயமாகச் சொல்லப் பார்க்கிறேன்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் மனு அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்த ஒருவர் தொழிலை விட்டபோது அவரிடம் வாங்கிய மெஷின் இது. பெரிய கேரேஜ் (தாளோடு பக்கவாட்டில் நகரும் மேல்பகுதி), கனத்த இரும்பு. தனியாகத் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. இத்தனை காலம் உழைத்த பொருளின் கோளாறுக்கு அதைச் செய்தவன் மேல் பழி போடுவது அநியாயம்.

கோளாறு ஒன்றே ஒன்றுதான். புள்ளி.

தமிழ் தட்டச்சு படித்தவர்களுக்குத் தெரியும். முதல் பாடமான யளனகபக அடித்த கைகளுக்குப் புள்ளி எங்கே இருக்கிறது என்று சொல்லவே வேண்டாம், வலது சுண்டுவிரலுக்கு அடியில். இருக்கிற விரல்களில் நோஞ்சான் விரலுக்கு இருக்கிற வேலைகளில் ஓயாத வேலையைக் கொடுத்திருக்கிறார்கள். எழுதும்போது எழுத்தைப் போட்டுவிட்டுத் தலையில் புள்ளி வைக்கிறோம். மெஷினில் புள்ளியை முதலில் அடிக்க வேண்டும். கேரேஜ் நகராது. பிறகு 'க' அடித்தால் அதே புள்ளிக்குக் கீழே வந்து உட்கார்ந்து 'க்' ஆகும். இதற்கு நகரா விசை என்று பெயர். 247 எழுத்தையும் இத்தனை சின்ன விசைப் பலகையில் அடைக்க, யாழ்ப்பாணத்தில் பிறந்து மலேயாவுக்குப் போன ஆர். முத்தையா கையாண்ட வழிகளில் இதுவும் ஒன்று. ஷிப்டோடு 'க' அடித்தால் 'கு', 'த' அடித்தால் 'து'. அந்த ஏற்பாட்டிலும் எனக்கு ஒரு குறையும் இல்லை, மெச்சத்தான் தோன்றுகிறது.

ஆனால் "கடலூர் மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்களுக்கு" என்று ஒரு வரி அடித்துப் பாருங்கள். மனுவின் முதல் வரி. இன்னும் குறை என்னவென்றே சொல்லவில்லை, அதற்குள் ஏழு புள்ளி. ஆங்கில மெஷினில் ஒரு எழுத்து மக்கர் செய்தால் சமாளித்துக்கொள்ளலாம். தமிழில் புள்ளி மக்கர் செய்தால் எங்கே போய் ஒளிவது?

கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க மெஷினைக் கவிழ்த்துப் போட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. விசையைத் தட்டினால் எழும்பித் தாளில் அடிக்கும் எழுத்துக் கம்பிகளுக்குப் பின்னால் ஒரு பொதுப் பட்டை இருக்கிறது. எந்தக் கம்பி எழும்பினாலும் அதன் குதிகால் அந்தப் பட்டையைத் தள்ளும். உடனே பல்சக்கரம் ஒரு பல் விடும், கேரேஜ் ஒரு எழுத்து நகரும். புள்ளிக் கம்பிக்கோ குதிகாலைச் செதுக்கிவிட்டிருப்பார்கள். அது பட்டையைத் தொடாது, கேரேஜும் நகராது. அவ்வளவுதான் சூட்சுமம். பட்டையின் ஸ்பிரிங் தளர்ந்தோ அழுக்கு ஏறியோ அது தன் இடத்துக்குத் திரும்பாமல் துளி முன்னால் நின்றுவிட்டால், செதுக்கிய குதிகாலும் அதைத் தொட்டுவிடும். புள்ளி ஒரு வீட்டில், எழுத்து பக்கத்து வீட்டில். என் மெஷினில் இது எப்போதும் நடந்தால்கூடப் பரவாயில்லை. நடக்கும்போது நடக்கும், மெக்கானிக் முன்னால் வைத்தால் நடக்காது.

திருப்பாதிரிப்புலியூரில் ஒரு பெரியவர் பார்த்துக்கொடுக்கிறார். பட்டையைச் சரிசெய்தார், வளைந்திருந்த புள்ளிக் கம்பியைக் குறடால் பிடித்துக் கண்ணாலேயே அளந்து நிமிர்த்தினார். கூலி கேட்டதும் எனக்கே வெட்கமாகிவிட்டது, அவ்வளவு கம்மி. "அண்ணே, இனி வராதுல்ல?" என்றேன். "தம்பி, இந்த மெஷின்லயே அதிகமா அடி வாங்கினது இந்தக் கம்பிதான். நீங்க மெதுவா அடிங்க" என்றார்.

அவர்தான் ரோலரையும் மாற்றச் சொன்னார். சரியான யோசனைதான். வயதான ரோலரில் ரப்பர் கல்லாகிவிடும். தாள் வழுக்கும், சத்தம் கூடும், சின்ன எழுத்துகள் தாளைக் குத்தும். 'ண' போன்ற அகலமான எழுத்து தன் பலத்தைப் பரப்பிவிடுகிறது. புள்ளிக்கோ முழு பலமும் ஊசிமுனை இடத்தில் இறங்குகிறது. தாளைத் திருப்பித் தடவினால் ஒவ்வொரு மெய்யெழுத்தும் விரலில் குத்தும்.

எனக்குத் தெரிந்து இந்தப் பக்கம் இதற்கென்று தனியாக யாரும் ரப்பர் போடுவதில்லை. அச்சகங்களுக்கு ரோலர் செய்யும் ஒரு பட்டறையில் கொடுத்தேன். பழைய ரோலரின் விட்டத்தை எழுதிக் கொடுத்து, வாயாலும் சொல்லி, "ஒரு நூல் கூடக்கூடாது" என்று கெஞ்சாத குறை. கூட்டித்தான் கொடுத்தார்கள். அச்சு மெஷினுக்கு அது ஒரு விஷயமே இல்லாமல் இருக்கலாம். டைப்ரைட்டரில் எழுத்துக் கம்பி ரோலருக்கு மயிரிழை முன்னால் ஒரு வளையத்தில் முட்டி நிற்க வேண்டும். எழுத்து தன் வேகத்தில் தாளைத் தொட்டுவிட்டு மீள வேண்டும். ரோலர் பெருத்தால் வளையத்துக்கு முன்பே எழுத்து ரப்பரில் மோதும். ரப்பர் பஞ்சு மாதிரி, புள்ளி மட்டும் முன்னைவிட ஆழமாக இறங்குகிறது. திரும்பக் கொடுத்துக் கடைசல் போட்டாயிற்று. இப்போது பரவாயில்லை ரகம். தாளுக்குப் பின்னால் இன்னொரு தாள் வைத்தால் நன்றாகவே இருக்கிறது.

உப்புக்காற்றைப் பற்றிக் கேட்பார்கள், சொல்லிவிடுகிறேன். கடலூரில் எந்த இரும்பும் சும்மா இருக்காது. உறை போட்டு மூடி, அடிக்கடி அடித்துக்கொண்டே இருந்தால் போதும். எழுத்துக் கம்பிகள் உட்காரும் பள்ளங்களில் மட்டும் தையல் மெஷின் எண்ணெய் விடவே கூடாது. எண்ணெயும் தூசியும் சேர்ந்து பசையாகி, அடித்த கம்பி திரும்பாமல் நின்றுவிடும். பெட்ரோலும் பழைய டூத் பிரஷும் போதும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பெயிண்ட் மேல் சிந்தாமல் பாருங்கள். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுகள் இருக்கிற ஊர்களில் ரிப்பனுக்கும் கவலை இல்லை.

என்னிடம் பிரெஞ்சு விசைப் பலகையோடு ஒரு சின்ன போர்ட்டபிளும் இருக்கிறது, புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் வாங்கியது. எண்களுக்கு ஷிப்ட் அழுத்தச் சொல்லும் கிறுக்கு மெஷின். அதிலும் நகரா விசை உண்டு. சில உயிரெழுத்துகளின் தலையில் கூரை (^) வைக்க, கூரையை முதலில் அடித்துவிட்டுப் பிறகு எழுத்து. ஒரு நாளும் தப்பியதில்லை. தப்ப எங்கே நேரம்? வரிக்கு ஒரு கூரை வந்தாலே பெரிது. அதைப் பார்க்கும்போதெல்லாம் தமிழ் மெஷின் மேல் கோபம் குறைந்து கொஞ்சம் பரிதாபம் வரும்.

சரி, பாராட்ட வேண்டியதையும் சொல்ல வேண்டும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. அடுத்த ஓரிரு நாளில் சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் பெருகிவந்து கடலூரில் புகுந்தது. எங்கள் பக்கம் கரண்ட் இல்லை, பிரிண்ட் எடுக்கும் கடைகள் இல்லை. தெருவில் நாலு பேர் நிவாரண மனு எழுத வேண்டும் என்று வந்தார்கள். திண்ணையில் மெஷினைத் தூக்கி வைத்து, கார்பன் வைத்து மூன்று பிரதி அடித்தேன். அப்போது பழைய ரோலர். கல்லாகிப்போன ரப்பர் கார்பனுக்கு எவ்வளவு வாட்டம் என்று அன்றுதான் தெரிந்தது. மூன்றாவது பிரதியிலும் எழுத்து பளிச்சென்று விழுந்தது, புள்ளி உட்பட. பக்கத்து வீட்டு அக்கா தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "கவர்மெண்டு ஆபீஸ்ல இருந்து வந்த மாதிரியே இருக்கே தம்பி" என்றார். இத்தனை மெஷின் வைத்திருந்ததற்கு வீட்டில் எனக்கு மரியாதை கிடைத்தது அந்த வாரம் மட்டும்தான்.

இருந்தாலும் நண்பனுக்கு என் பதில்: வேண்டாம். ஆசைக்கு ஒன்று வேண்டுமானால் ஆங்கில மெஷின் வாங்கு. ஃபேஸிட், ஒலிவெட்டி லெட்டெரா 32 எதுவாக இருந்தாலும் உட்கார்ந்து நிம்மதியாக அடிக்கலாம். தமிழ்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், கடையில் பளபளப்பைப் பார்த்து ஏமாறாதே. தாளைச் செருகி, வேறு எதையும் தொடாமல் புள்ளியை மட்டும் பத்து முறை அடி. பத்தும் ஒரே இடத்தில் விழ வேண்டும். வேகமாக இன்னொரு முறை அடி. அப்போதும் ஒரே இடத்தில் விழுந்தால், விலை பேசுவதற்கு முன் எனக்கு ஒரு போன் போடு. அதை நான் எடுத்துக்கொள்கிறேன்.