சாடியில் சீமையத்தி: திறந்த முற்றமா, கிழக்கு விறாந்தையா?

மட்டக்களப்பில் சாடியில் வளர்க்கும் சீமையத்திக்கு (fig எனப்படும் அத்திப்பழச் செடிக்கு) திறந்த முற்றம் நல்லதா, கிழக்குப் பார்த்த விறாந்தை நல்லதா என்று கேட்டால், காய்ப்பை எதிர்பார்ப்பவருக்கு முற்றமே ஏற்றது. நன்றாகக் காய்க்க நாளொன்றுக்கு 6 மணித்தியாலமாவது நேரடி வெயில் வேண்டும்; விறாந்தையிலோ அது முற்பகலுடன் விலகிவிடுகிறது.

இங்கே பகலின் நீளம் ஆண்டு முழுவதும் ஒரு மணித்தியாலத்துக்குள்ளேயே வேறுபடுகிறது. மாறுவது வெயில் விழும் திசையும் வானத்தின் மூட்டமும்தான். ஏப்ரல் முற்பகுதியிலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் நண்பகற் சூரியன் உச்சிக்கு வருகிறது. இடைப்பட்ட மாதங்களில் அது வடக்கே சாய்வதால் முற்றத்தில் வீட்டின் தென்சுவரோரம் வைத்த சாடி வீட்டு நிழலுக்குள் அகப்படுகிறது, மார்கழியிலோ வெயில் தங்கும் இடமே அதுதான். இதைக் கவனிக்காமல் இரண்டு ஆண்டுகள் செடியைத்தான் குறை கூறிக்கொண்டிருந்தேன்.

கச்சான் என்னும் வறண்ட மேல்காற்று வீசும் காலத்தில் முற்றத்துச் சாடி பிற்பகலில் சூடேறி, இலையோரம் தீய்ந்து சுருளும். அப்போது சாடியை மட்டும் கிடுகால் மறைத்தால் போதும்.

விறாந்தையின் பயன் மாரியில்தான் தெரியும். நவம்பர் முதல் ஜனவரி வரையான அடைமழையில் வேர் அழுகாமல் கூரை காக்கிறது. ஆனால் மூட்டத்தால் குறைந்த ஒளி கூரையின்கீழ் இன்னும் குறைந்து இலை மஞ்சளிப்பதால், சாடியை விளிம்பிலேயே வைக்கவேண்டும். மழை ஓய்ந்ததும் ஒரேயடியாக வெளியே இழுத்தால், நிழலில் விரிந்த மெல்லிய இலைகள் வெளிறிக் கருகும். பத்து நாட்களில் சிறிது சிறிதாக வெயிலுக்குப் பழக்குவது நல்லது.