காரைக்குடியில் ஒரு தையல் பயிற்சி மையம்: சேரலாமா?

என் தங்கை சேர்ந்த மையம் இது, பெயர் வேண்டாம். சொல்லித்தரும் அக்காவைக் குறை சொல்லவே முடியாது. அளவெடுப்பதிலிருந்து பிரின்சஸ் கட் பிளவுஸ் வரை பொறுமையாகக் கற்றுக்கொடுத்தார், மெஷின்களும் நல்ல நிலையில் இருந்தன, ஆரி எம்பிராய்டரி வேலைக்குத் தனி வகுப்பும் உண்டு.

ஆனால் சேரும்போது "வேலை நாங்களே வாங்கித் தருவோம்" என்றார்கள், கடைசியில் சான்றிதழ் கொடுத்ததோடு சரி. கடையில் நின்று பழகாமலே வெளியே வந்தவளை டெய்லர்கள் பீஸ் ரேட்டுக்குக்கூட (தைக்கும் துணிக்கு இவ்வளவு என்ற கூலிக்குக்கூட) எடுக்கத் தயங்கினார்கள். அப்புறம் அவளாகவே அலைந்து, கண்டாங்கிச் சேலைக்கு ஃபால்ஸ் அடித்து பிளவுஸும் தைக்கும் ஒரு கடையில் சேர்ந்தாள். தொழிலின் வேகமே அங்கேதான் வந்தது.

வகுப்போடு கடைப்பழக்கமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு உதாரணம்: கொலம்பியாவில் 2000-களின் தொடக்கத்தில் ஏழை இளைஞர்களுக்கு 3 மாதம் வகுப்பு, 3 மாதம் நிறுவனத்திலேயே வேலைப்பழக்கம் என்று ஒரு அரசுத் திட்டம் நடந்தது. குலுக்கல் முறையில் ஆளெடுத்து, இடம் கிடைக்காதவர்களோடு ஒப்பிட்டதில், இடம் கிடைத்த பெண்களின் வருமானம் சுமார் 20 சதவீதம் கூடியிருந்தது. எல்லா இடத்திலும் அப்படி இல்லை. பல வளரும் நாடுகளின் ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த பொருளியலாளர் டேவிட் மெக்கென்ஸி 2017-ல் சொன்னது, 100 பேருக்குப் பயிற்சி கொடுத்தால் அதனால் கூடுதலாக வேலைக்குப் போவது சராசரியாக 2, 3 பேர்தான் என்று.

வீட்டுக்குத் தைக்கக் கற்க என்றால் தாராளமாகச் சேருங்கள். சம்பாத்தியத்துக்கு என்றால், எந்தக் கடைக்குப் பழக அனுப்புவீர்கள், போன பேட்சில் எத்தனை பேர் இப்போது சம்பாதிக்கிறார்கள் என்று பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள், முடிந்தால் அவர்களில் ஒருவரிடம் நேரிலேயே பேசிவிடுங்கள்.