குடிநீர் இணைப்புக்குப் பணம் கேட்டு வந்தால் முதலில் பட்டியலைக் கேளுங்கள்

நுவரெலியா, பதுளை, கண்டி, மாத்தளைப் பக்கம் தேயிலைத் தோட்டங்களில் இருக்கிறவர்களும் தோட்டத்தை ஒட்டிய சின்ன டவுன்களில் இருக்கிறவர்களும் தயவுசெய்து இதை முழுக்க வாசியுங்கள். "பிரதேச சபைத் தண்ணித் திட்டம் வருது, வீட்டுக்கு வீடு மீட்டர் வெச்சுக் குடுக்கிறோம்" என்று சொல்லி யாராவது இணைப்புப் பணம் கேட்டு வந்தால், அந்த வேலைக்கான அளவுப் பட்டியலை, அதாவது எந்தப் பொருள் எவ்வளவு, எந்த வேலைக்குச் சபை எவ்வளவு கொடுக்கும் என்று எழுதிய தாளை, கண்ணால் பார்க்காமல் ஒரு ரூபா கொடுக்காதீர்கள். எங்கள் தோட்டத்தில் வீட்டுக்கு ரூ. 22,500 வாங்கினார்கள். சபை ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருந்த செலவுக்கே எங்களிடமும் பணம் வாங்கியிருக்கிறார்கள் என்பது பட்டியல் கைக்கு வந்த அன்றைக்குத்தான் தெரிந்தது.

தோட்டத்தின் பெயர், சபையின் பெயர், கொந்தராத்துக்காரர் (ஒப்பந்தக்காரர்) பெயர் எதையும் நான் இங்கே போடவில்லை. முறைப்பாடு விசாரணையில் இருக்கிறது. நடந்த விதத்தை மட்டும் எழுதுகிறேன், உங்கள் தோட்டத்துக்கு வருகிறவர்களை அடையாளம் காண அது போதும்.

எங்களுக்குத் தண்ணீர் என்றால் பீலித் தண்ணீர்தான். காட்டோரத்து ஊற்றிலிருந்து குழாய் போட்டு லயத்து (வரிசை வீடுகளின்) முனையில் விடுவார்கள். பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்க, போவதற்கு முன் பொம்பளைகள் எல்லாம் குடமும் கேனுமாக வரிசையில் நிற்பார்கள். தென்மேற்குப் பருவம் தொடங்கினால் கலங்கல், ஜனவரியிலிருந்து மார்ச் வரை சொட்டுச் சொட்டு. காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களின் தண்ணீர் இறங்கிக் களனி கங்கையில் சேர்கிறது. அந்தக் கங்கைத் தண்ணீரை அம்பத்தளையில் சுத்திகரித்துத்தான் கொழும்பு குடிக்கிறது. அந்த மலையிலேயே இருக்கிற எங்களுக்கு ஒரு குழாய் வரக் காலம் எடுத்ததற்குச் சட்டத்திலும் ஒரு காரணம் இருந்தது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி, தோட்டத்துக்குள் சபைப் பணம் செலவழிக்க முடியாது என்றே சொல்லிவந்தார்கள். 2018இல் வந்த திருத்தத்துக்குப் பிறகுதான் அந்தக் கதவு திறந்தது. ஆகவே சபைத் திட்டம் வருகிறது என்றதும் எங்கள் ஆட்கள் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அந்தச் சந்தோஷத்தை வைத்துத்தான் காசு வாங்கினார்கள்.

கூட்டம் பிள்ளைக்காம்பராவில் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில்) நடந்தது. கொந்தராத்துக்காரரின் ஆள் ஒருவர் வந்தார், மரியாதையாகத்தான் பேசினார். "அக்கா, இந்த மாசத்துக்குள்ள கட்டுனா இந்த வெல. பொறகு டொலர் கூடுனா மீட்டர் வெலயும் கூடும், அப்ப எங்கள கொற சொல்லக்கூடாது" என்றார். ஹட்டனில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறவன் நான். பற்றுச்சீட்டு எங்கே என்று கேட்டேன். "மீட்டர் பூட்டும்போது சேர்த்துத் தருவோம் தம்பி" என்று பதில் வந்தது. கொப்பித் தாளில் பெயரை எழுதி, பக்கத்தில் சரி போட்டுக்கொண்டு போனார்கள், அவ்வளவுதான். சபை உத்தியோகத்தர் ஒருவரும் அந்த இடத்தில் இல்லை.

ரூ. 22,500 என்பது என்ன? 2024 செப்டம்பர் வர்த்தமானியில் வந்த நாட்சம்பளம் ரூ. 1,350. அந்தக் கணக்கில் பதினாறு நாளுக்கு மேல் கொழுந்து எடுத்த காசு, ஊழியர் சேமலாப நிதிக்கும் தொழிற்சங்கச் சந்தாவுக்கும் வெட்டுவதற்கு முன். காதுத் தோட்டையும் மோதிரத்தையும் அடகு வைத்தவர்கள் இருக்கிறார்கள். சீட்டுக் காசை முன்கூட்டியே எடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

பணம் வாங்கியதோடு நிற்கவில்லை. "சிரமதானமா வாய்க்கா வெட்டிக் குடுத்தீங்கன்னா வேல சீக்கிரம் முடியும்" என்றார்கள், அதாவது கூலியில்லாமல். போயா (பௌர்ணமி விடுமுறை) நாளிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் ஆம்பளை பொம்பளை எல்லோரும் மண்வெட்டியும் மண் கிளறும் முள்ளுமாக இறங்கினார்கள். எங்கள் பெரியப்பா, எழுபது தாண்டியவர், கல்லைப் புரட்டினார். வாய்க்கால் இரண்டரை அடி ஆழம் வரவேண்டிய இடத்தில் பாதி தூரம் ஓர் அடிகூட வரவில்லை. "போதும் போதும்" என்று குழாயைப் போட்டு அவசரமாக மூடினார்கள். அந்த அவசரத்தின் காரணம் பிறகு விளங்கியது.

மலையில் குழாய் போடுவதில் ஒரு கணக்கு இருக்கிறது, அதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர்த் தாங்கி மேலே, வீடு கீழே. ஒவ்வொரு 10 மீட்டர் இறக்கத்துக்கும் குழாய்க்குள் அழுத்தம் சுமார் 100 கிலோபாஸ்கல் ஏறும். ஹார்ட்வெயார் கடையில் பி.வி.சி. குழாய் கேட்கும்போது டைப் 600, டைப் 1000 என்கிறோமே, அந்த எண் கிலோபாஸ்கல் கணக்கில் குழாய் தாங்கும் அழுத்தம்தான். டைப் 600 என்றால் ஏறக்குறைய 60 மீட்டர் இறக்கம் தாங்கும், டைப் 1000 என்றால் 100 மீட்டர். எங்கள் தாங்கிக்கும் கடைசி லயத்துக்கும் நேர் இறக்கம் 85 மீட்டர் அளவில் வருகிறது. அங்கே டைப் 1000 போடவேண்டும், இல்லையென்றால் நடுவழியில் அழுத்தம் தணிக்கும் தொட்டி ஒன்று கட்டவேண்டும். இரண்டும் செய்யவில்லை, மேலிருந்து கீழ்வரை டைப் 600தான். இரவில் யாரும் குழாய் திறக்காத நேரத்தில் அழுத்தம் முழுதாக நிற்கும். அதனால்தான் எங்கள் குழாய்கள் பெரும்பாலும் விடியுமுன் வெடித்தன. கீழ் லயத்து வாசலில் சேறு, குழாயில் தண்ணீர் இல்லை.

வெடித்த இடத்தைத் தோண்டியபோதுதான் குழாயின் மேல் அச்சடித்திருந்ததை வாசித்தோம். நல்ல குழாயில் தயாரித்த கம்பெனி, விட்டம், டைப், எஸ்.எல்.எஸ். 147 என்ற தர இலக்கம் எல்லாம் இருக்கும். வாய்க்காலை மூடுவதற்கு முன் யாராவது ஒரு பிள்ளை போனில் படம் எடுத்து வைத்திருந்தால் அன்றைக்கே வேலையை நிறுத்தியிருக்கலாம். மண் போட்டு மூடிய பிறகு எல்லாக் குழாயும் ஒரே குழாய்தான்.

அடுத்தது பில். ஓர் அலகு என்றால் 1,000 லீட்டர். ஒரு நாளைக்கு ஓரிரு மணித்தியாலம் மட்டும் தண்ணீர் வந்த வீட்டுக்கு, நாள் முழுக்கத் தண்ணீர் ஓடும் வீட்டுக்கு வருவதுபோலப் பில் வந்தது. விட்டு விட்டுத் தண்ணீர் தரும் குழாயில் இடைநேரத்தில் காற்று நிரம்பிவிடும். மறுபடி திறக்கும்போது அந்தக் காற்று மீட்டரைச் சுற்றிவிட்டுத்தான் வெளியேறும், மீட்டருக்குக் காற்றும் தண்ணீரும் ஒன்று. குழாய் மேடேறி இறங்கும் இடங்களில் காற்று வால்வு வைத்தால் இது பெருமளவு குறையும். எங்கள் பாதையில் ஒரு வால்வுகூட இல்லை. பில்லில் முந்திய வாசிப்பும் இல்லை, புதிய வாசிப்பும் இல்லை, ஒரு தொகை மட்டும். உங்கள் மீட்டர் சரியா என்று பார்க்க விரும்பினால், தண்ணீர் சீராக வரும் நேரத்தில் 20 லீட்டர் கேனை ஐந்து தடவை நிரப்புங்கள். மீட்டர் 100 லீட்டர் நகரவேண்டும். அதற்குப் பிறகு எல்லாக் குழாயையும் இறுக மூடிவிட்டு அந்தச் சின்னச் சக்கரத்தைப் பாருங்கள், அது அசையவே கூடாது.

சபைக்குப் போய்ப் பட்டியல் கேட்டோம். "அது கொந்தராத்துக்காரரோட வியாபார விஷயம், வெளிய குடுக்க ஏலாது" என்றார்கள். கொந்தராத்துக்காரரின் ஆளோ, "நாங்க தனியார், எங்ககிட்ட கேக்க ஒங்களுக்கு உரிமை இல்ல" என்றார். இரண்டும் தவறு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உள்ளூராட்சி சபைகளைக் கட்டுப்படுத்துகிறது. சபையோடு ஒப்பந்தம் செய்து பொதுச்சேவை நடத்துகிற தனியாரையும், அந்தச் சேவை அளவுக்கு, அதே சட்டம் கட்டுப்படுத்துகிறது. வியாபார இரகசியம் என்று சொன்னாலும், பொதுநலன் அதைவிடப் பெரிதாக இருந்தால் கொடுத்தே ஆகவேண்டும். பொதுப்பணத்தில் போட்ட குழாயின் விலையைவிடப் பொதுநலன் வேறு என்ன இருக்கிறது? இன்னொன்றையும் எங்கள் ஆட்கள் அறிந்திருக்கவில்லை: உள்நாட்டு நிதியில் 5 இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட திட்டம் என்றால், தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்பே விவரத்தைப் பொதுமக்களுக்குத் தெரிவிக்கும் கடமை விடயத்துக்குப் பொறுப்பான அமைச்சருக்கு உண்டு.

விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. காரணமும் சொல்ல வேண்டியதில்லை. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்லவேண்டும். எங்களுக்கு ஒரு பதிலும் வரவில்லை. குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு போட்டோம், அதற்கு 14 நாட்கள்தான் அவகாசம், தவறவிடாதீர்கள். அதன் பிறகு தாள்கள் வந்தன, முழுக்கச் சிங்களத்தில். நுவரெலியா, அம்பகமுவ பிரிவுகள் 1999இலேயே இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டவை. கால் நூற்றாண்டு கழித்தும் தமிழ்ப் பிரதியைத் தனியாகக் கேட்டு நிற்கவேண்டியிருக்கிறது. இது எனக்கு வலிக்கிறது. டவுனில் சிங்களப் பாடசாலையில் படிப்பிக்கிற ஒரு டீச்சர் அக்கா வரிக்கு வரி வாசித்துச் சொன்னார்.

பட்டியலில் வீட்டு இணைப்பு என்று தனி வரி இருந்தது. ஒரு வீட்டுக்கு ஒரு மீட்டர், ஸ்டொப் கொக் (தண்ணீரை அடைக்கும் வால்வு), முற்றத்துக் குழாய், பூட்டுக்கூலி, அத்தனையும் சபை கொடுக்கும் தொகைக்குள். வாய்க்கால் வெட்டும் கூலி கன மீட்டர் கணக்கில் இருந்தது. அதாவது பெரியப்பா புரட்டிய கல்லுக்கும் யாரோ கூலி எழுதியிருக்கிறார்கள். கீழ்ப்பகுதிக்கு டைப் 1000 என்று தெளிவாக இருந்தது. காற்று வால்வுகளும் இருந்தன. தாளில் ஒரு குறையும் இல்லை, தாளில் இருந்தது மண்ணுக்குள் போகவில்லை. சபைத் தீர்மானத்தில் அலகு விலையாக ரூ. 40 என்று இருந்ததும், எங்கள் பில்லில் ரூ. 65 போட்டுப் பெருக்கியிருந்ததும் அதே தாள்கட்டிலிருந்துதான் வெளியானது.

எனவே கேட்கிறேன். திட்டம் என்று யார் வந்தாலும், தோட்டத் தலைவர் கூட்டி வந்தாலும், கட்சிக்காரர் கூட்டி வந்தாலும், சபையின் இலக்கமிட்ட பற்றுச்சீட்டு இல்லாமல் பணம் கட்டாதீர்கள். சபைச் செயலாளருக்கு எழுதி, இணைப்புக் கட்டணம் உண்டா, எவ்வளவு, எந்தத் தீர்மானத்தின்படி என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். பட்டியலின் பிரதியைக் கோயிலிலோ வாசிகசாலையிலோ எல்லோரும் பார்க்கும்படி ஒட்டச் சொல்லுங்கள். சிரமதானம் கேட்டால், வெட்டுக்கூலி பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், அதைக் கழித்துக் கணக்குக் காட்டச் சொல்லுங்கள். ஊற்றின் அளவை மழைமாதத்தில் அளந்துவிட்டு எல்லோருக்கும் போதும் என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பெப்ரவரி, மார்ச்சில் வாளியும் கடிகாரமும் வைத்து அளக்கச் சொல்லுங்கள். எங்கள் ஊற்றை ஜூலையில் அளந்திருக்கிறார்கள்.

இன்னொரு முக்கியமான விஷயம், இதைப் பலருக்கும் யாரும் சொல்வதில்லை. வேலை முடிந்தாலும் கொந்தராத்துக்காரருக்கு முழுப் பணமும் உடனே போவதில்லை. வழக்கமாக ஒப்பந்தத் தொகையில் 5 சதவீதம் பிடித்து வைக்கப்படும். குறைகளைத் திருத்தும் காலம், பெரும்பாலும் ஒரு வருடம், முடியும் வரை அதில் ஒரு பகுதியாவது சபையின் கையில் இருக்கும். அதற்குள் குழாய் வெடித்தால் அவர் தன் செலவில் செய்துதர வேண்டும். அதனால் வெடிப்பை நீங்களே ரப்பர் சுற்றிக் கட்டிவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். திகதி போட்டுப் படம் எடுத்து, கடிதம் கொடுத்து, பிரதியில் சபையின் முத்திரை வாங்குங்கள். கையில் அந்த முத்திரை இருந்ததால்தான் எங்கள் பேச்சு எடுபட்டது.

இப்போதைய நிலை இது. பிடித்துவைத்த பணத்தை விடுவிக்கக்கூடாது என்று வீட்டுக்கு ஒரு கையெழுத்தோடு செயலாளருக்குக் கடிதம் கொடுத்தோம், உள்ளூராட்சி ஆணையாளருக்கும் கணக்காய்வுக்கும் பிரதி போனது. சபையின் டி.ஓ. (தொழில்நுட்ப உத்தியோகத்தர்) வந்து மூன்று இடத்தில் தோண்டிப் பார்த்து, டைப் 600 என்று தன் கையால் எழுதிக்கொண்டு போனார். பில்லைத் தீர்மானத்தில் இருந்த விலைக்கு மாற்றிவிட்டார்கள், கூடுதலாக வாங்கியதைத் திருப்பித் தரவில்லை. ரூ. 22,500 பற்றிக் கொந்தராத்துக்காரர், "அது விருப்ப நன்கொடை" என்று இப்போது சொல்கிறாராம். கொப்பித் தாளை அன்றைக்கே போனில் படம் எடுத்த ஒரு தங்கச்சி எங்கள் லயத்தில் இருக்கிறாள். மேலே "மீட்டர் காசு" என்று அவருடைய ஆளின் கையெழுத்திலேயே இருக்கிறது. இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 இலக்கத்துக்கும் அறிவித்திருக்கிறோம்.

சபை எந்தெந்த வேலைக்கு எவ்வளவு கொடுத்தது என்பதைக் காட்டும் வவுச்சர்களை மட்டும் இன்னும் தரவில்லை. அதற்காகத் தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழுவுக்கு மேன்முறையீடு போட்டிருக்கிறோம், இரண்டு மாத அவகாசத்துக்குள். உங்கள் தோட்டத்திலும் இதேபோல் வாங்கியிருந்தால் பில், பற்றுச்சீட்டு, கொப்பித் தாள் எதையும் எறியாமல் வையுங்கள். விண்ணப்பம் எழுதத் தெரியாதவர்கள் சொல்லுங்கள், நான் தமிழில் எழுதித் தருகிறேன். எங்களுக்கு வவுச்சர்கள் கிடைத்ததும் அதில் என்ன இருந்தது என்று எழுதுவேன்.